எட்டுத் தடவை கொடுத்த நாற்காலி

அந்தச் சக்கர நாற்காலி விசில்காரர் குடும்பத்துக்கு எட்டுத் தடவை வழங்கப்பட்டது. ஒரு தடவைகூட வீடு வந்து சேரவில்லை. படங்கள் மட்டும் தவறாமல் வந்தன. மாமனார் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், மருமகள் அதன் கைப்பிடியைப் பிடித்திருக்கிறாள், இருவருக்கும் நடுவில் யாரோ ஒரு பெரிய மனிதர் பல் தெரியச் சிரிக்கிறார். எட்டுப் படம், எட்டுக்கும் கண்ணாடிச் சட்டம். ஒரே அறை உள்ள வீட்டில் எட்டு ஆணி அடித்ததில் சுவர்க்காரை உதிர்ந்ததுதான் மிச்சம்.

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

விசில்காரர் போக்குவரத்துக் காவலர். பள்ளிக்கூடத்துக்கு முன்னாலிருக்கும் நாற்சந்தியில் பதினான்கு வருடம் நின்றவர். கையைக் காட்டி நிறுத்துவதைவிட விசிலால் நிறுத்துவதுதான் அவருக்குப் பிடிக்கும். அந்தப் பகுதிப் பிள்ளைகள் வைத்த பெயர் வீட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. அவர் மனைவியைக் கடைக்காரர்கள் கூப்பிடுவதே 'விசில்காரர் வீட்டம்மா' என்றுதான். ஒரு திங்கட்கிழமை காலை, பிள்ளைகள் வரிசையாகச் சாலையைக் கடக்கும்போது பிரேக் பிடிக்காத லாரி ஒன்று இறக்கத்தில் வந்தது. விசிலை ஊதிக்கொண்டே ஓடி, பிள்ளைகளை அந்தப் பக்கம் தள்ளிவிட்டார். பிள்ளைகள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவருக்குத்தான் நேரம் போதவில்லை.

அவர் மனைவி வேலை பார்ப்பது பெரிய ஆஸ்பத்திரியில், துணி மடிக்கும் அறையில். வெளுத்து வரும் படுக்கை விரிப்புகளை நான்காக மடித்து அடுக்க வேண்டும். அவரைக் கொண்டுவந்ததும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான். போர்த்தியிருந்த வெள்ளைத்துணி அவள் மடித்ததாக இருக்கலாம். மடிப்பு விழுந்த கோட்டைப் பார்த்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் பார்க்கவில்லை. ஒரு காகித உறையில் இடுப்புவாரையும் கைக்கடிகாரத்தையும் விசிலையும் போட்டுக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்தாள்.

வீட்டில் மாமனார் இருந்தார். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். ஆறு வருடத்துக்கு முன் பழுது பார்க்கும் குழிக்குள் விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உயிரில்லாமல் போய்விட்டது. வரிசை வீடுகளுக்கெல்லாம் பொதுவான கழிப்பறை முற்றத்தின் கோடியில், நாற்பத்திரண்டு எட்டு தூரத்தில் இருந்தது. தினமும் காலையில் மகன் அவரை முதுகில் சுமந்துகொண்டு போவார். அப்படியே கொண்டுபோய்த் தெருமுனை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வேலைக்குப் போவார். மகன் இறந்துபோன பிறகு பெரியவர் ஒரு சாக்கை விரித்து அதன் மேல் உட்கார்ந்து, கைகளை ஊன்றி ஊன்றி, அந்த நாற்பத்திரண்டு எட்டையும் தரையோடு தரையாகக் கடந்தார். மருமகள் தூக்குகிறேன் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். டீக்கடை நின்றே போய்விட்டது.

மகனுடைய விசிலை அவர் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அவள் அடுப்படியில் இருந்தாலும் முற்றத்தில் இருந்தாலும் அதுதான் கூப்பிடும் மணி. ஒன்று ஊதினால் தண்ணீர். இரண்டு ஊதினால் கழிப்பறைக்குப் போக வேண்டும், சாக்கை எடுத்துப்போட வேண்டும். மூன்று ஊதினால் ஒன்றும் வேண்டாம். "சும்மாதான், பக்கத்துல ஆள் இருக்கான்னு பாத்தேன்" என்பார். அவள் கரண்டியும் கையுமாக நின்ற இடத்திலிருந்தே "இருக்கேன் மாமா" என்பாள். அவ்வளவுதான் விஷயம்.

அவருக்கு ஆசை ஒன்றுதான். மகன் நின்ற இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். பதினான்கு வருடத்தில் ஒருநாளும் அங்கே போனதில்லை. குழிக்குள் விழும் முன் வேலை இருந்தது, விழுந்த பிறகு கால் இல்லை. ஆட்டோ வைத்துக் கூட்டிப்போகிறேன் என்று அவள் சொன்னதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "வண்டிக்குள்ளருந்து எட்டிப் பாத்துட்டு வர்றதா? அவன் நின்னான்மா. நானும் அங்க ஒரு மணி நேரமாவது இருக்கணும்." நான்கு பேர் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகலாமே என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். "நாலு பேர் தூக்கிட்டு ரோட்டுல போனா அது வேற ஊர்வலம்பா, அதுக்கும் நாள் வரும்" என்று சொல்லிப் பெரியவர் தானே சிரித்தார். ஆக, வேண்டியிருந்தது ஒரு சக்கர நாற்காலி.

அப்போதுதான் சங்கம் வந்தது.

கடமையில் உயிர்நீத்த காவலர் குடும்ப ஆதரவுச் சங்கம் என்று பெயர். பெயர்ப்பலகையைப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அதன் செயலாளர் ஒரு தோல்பையும் நான்கு நிறப் பேனாக்களுமாக வீட்டுக்கு வந்து, இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்பது பக்கப் படிவத்தை விரித்தார். கணவர் எப்படி இறந்தார் என்று கேட்டார். அவள் சொன்னாள். செயலாளர் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்னம்மா இருக்கு. துப்பாக்கிச் சூடுன்னா நன்கொடையாளர் தானா வந்து நிப்பாங்க. கத்திக்குத்துன்னாகூட ஒரு வாரத்துல ஆள் பிடிச்சிடலாம். லாரிங்கறது கொஞ்சம் மெதுவாத்தான் நகரும்."

"வேகமாத்தாங்க வந்துச்சு" என்றாள் அவள்.

அதையும் அவர் குறித்துக்கொண்டார். படிவத்தில் இறந்தவருக்குப் பணியில் திருப்தி இருந்ததா என்று ஒரு கேள்வி இருந்தது. ஏழாம் பக்கத்தில் இறந்தவர் கையொப்பமிட ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டால் கோப்பு மேலே போகாது என்பதால் செயலாளரே அதில் ஒரு கோடு கிழித்து, 'வர இயலவில்லை' என்று எழுதினார். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். இல்லை என்றதும் அவர் முகம் லாரிக்கு வாடியதைவிட அதிகமாக வாடியது. குழந்தை இல்லாமல் படம் எடுபடாது என்றார். பிறகு அவரே தேற்றிக்கொண்டு, பொருளாளர் வீட்டுப் பெண் குழந்தை ஒன்று இருக்கிறது, நன்றாக அழும், அதை நடுவில் நிறுத்திவிடலாம் என்றார்.

கடைசியாகத்தான் என்ன வேண்டும் என்ற கேள்வி வந்தது. ஒரு சக்கர நாற்காலி என்று அவள் சொன்னாள். செயலாளர் அதைச் சிவப்புப் பேனாவால் எழுதி இரண்டு கோடு போட்டார். பெரியவர் கட்டிலில் இருந்தபடி இரண்டு கையையும் கூப்பினார். வாழ்நாளில் அவர் யாரையும் அப்படிக் கும்பிட்டு அவள் பார்த்ததில்லை.

முதல் விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது. சங்கத்தின் தலைவர் ஒரு கல்யாண மண்டபத்தின் சொந்தக்காரர். கல்யாணம் இல்லாத நாட்களில் மண்டபம் சும்மா கிடக்கக்கூடாதே என்று விழாக்களையெல்லாம் அங்கேயே வைத்துக்கொள்ளப் பெருந்தன்மையோடு சம்மதித்திருந்தார். சங்கத்தின் வேன் வந்தது. டிரைவர் நல்ல மனிதர், பெரியவரைக் குழந்தை மாதிரி அள்ளி ஏற்றினார். மேடையில் பூ வைத்த மேசைக்குப் பக்கத்தில் அந்த நாற்காலி நின்றது. கறுப்பு இருக்கை, வெள்ளிக் கம்பிகள், நான்கு சக்கரம். பெரியவர் அதைப் பார்த்த பார்வையை அவள் பார்த்தாள். டிப்போவுக்குப் புது வண்டி வந்தால் இப்படித்தான் பார்ப்பார் போலிருக்கிறது.

தலைவர் பேசினார்.

"போன வருஷம் நம்ம சங்கத்துக்கு ரொம்பச் சோதனையான வருஷம். நகரத்துல ஒரு காவலர்கூடக் கடமையில உயிர் விடல. ஆண்டு விழாவையே தள்ளிப் போடவேண்டியதாப் போச்சு. ஆனா நாம மனசு தளரல. பொறுமையாக் காத்திருந்தோம். அந்தப் பொறுமைக்குப் பலனா இன்னிக்கு இந்த அம்மா நம்ம முன்னால உக்காந்திருக்காங்க."

கைதட்டல் எழுந்தது. அவளும் தட்டினாள். தட்டாவிட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று பயம். இந்தக் குடும்பத்தைச் சங்கம் ஒருநாளும் கைவிடாது, எத்தனை விழா நடந்தாலும் அத்தனைக்கும் கூப்பிடும் என்று தலைவர் வாக்குக் கொடுத்தார். பிறகு பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பொருளாளர் வீட்டுக் குழந்தையை நடுவில் நிறுத்தினார்கள். அது அழ மறுத்துவிட்டது. பெரியவரைப் பார்த்துச் சிரித்தது. படம் எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் டிரைவர் வந்து பெரியவரைத் தூக்கி வேனில் உட்கார வைத்துவிட்டு, நாற்காலியை மடித்து மண்டபத்தின் பின் அறைக்குக் கொண்டுபோனார்.

அவள் செயலாளரிடம் போய்க் கேட்டாள். செயலாளருக்கு அவள் கேட்டதே புரியவில்லை. இன்று நடந்தது அறிவிப்பு விழாதானே, அறிவித்ததையெல்லாம் கையோடு கொடுத்துவிட்டால் மற்ற விழாக்களுக்கு எதை வைத்துக்கொள்வது என்று கேட்டார். நாற்காலிக்கு நன்கொடையாளர்கள் பதினோரு பேர். இடது சக்கரம் ஒருவர், வலது சக்கரம் ஒருவர், கால் வைக்கும் தட்டு அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து. ஆளுக்கொரு நாள் தங்கள் கையால் வழங்க வேண்டும் என்று அவர்களுக்கும் ஆசை இருக்காதா?

நியாயம்தானே என்று அவளுக்கே ஒரு நிமிடம் தோன்றிவிட்டது. அவர்கள் பேச்சில் அப்படி ஒரு பக்குவம்.

இரண்டாவது ஒப்புதல் விழா. மூன்றாவது நன்கொடையாளர் அறிமுக விழா. அதற்குள் நாற்காலியில் உறுப்பு உறுப்பாகப் பெயர்கள் ஒட்டியாகிவிட்டது. முதுகு சாயும் துணியில் பெரிய நன்கொடையாளர் ஒருவருடைய பெயர் தங்க நிறத்தில் இருந்தது. பெரியவர் சாய்ந்து உட்கார்ந்தால் அந்தப் பெயர் மறைந்தது. "கொஞ்சம் முன்னால குனிஞ்சு உக்காருங்க ஐயா, ஐயா பேரு மறையுது" என்று செயலாளர் இரண்டு தடவை வந்து சொன்னார். முதுகு நிமிர்ந்து உட்காரத்தான் நாற்காலி கேட்டது. பெரியவர் அதில் ஒன்றரை மணி நேரம் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குனிந்திருந்ததில் ஒரு நன்மை. சக்கரம் பக்கத்தில் தெரிந்தது. முன்சக்கரம் ஒன்று கிறீச்சிடுவதையும் இரண்டு பிரேக்கும் பிடிக்காததையும் அன்றுதான் கண்டுபிடித்தார். பிரேக் பிடிக்காத வண்டி என்றால் அவருக்கு ஆகாது. அடுத்த விழாவுக்குச் சட்டைப் பையில் ஒரு ஸ்பானரும் நீலநிறக் கம்பியும் ஒரு பொட்டலம் கிரீசும் வைத்துக்கொண்டு வந்தார். தலைவர் மைக்கில் தியாகம், தியாகம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது இவர் கை கீழே நாற்காலிக்கு அடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. மருமகள் தடுத்தாள். அவர் அவள் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "நம்ம வண்டிதானேம்மா. நாமதான் பாத்துக்கணும்."

அந்த நான்காவது விழாவில்தான் அது நடந்தது.

இறந்த காவலர்களுக்கு ஒரு நிமிட மௌனம் என்று அறிவித்தார்கள். தலைவருக்கு வேறோர் இடத்தில் வேலை இருந்ததால் அது நாற்பது விநாடியாகக் குறைக்கப்பட்டிருந்தது. செயலாளர் கையில் கடிகாரத்தோடு நின்றார். மண்டபமே எழுந்து தலை குனிந்து நின்றது. மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும். அந்த மௌனத்தின் நடுவில் பெரியவர் கழுத்திலிருந்த விசிலை எடுத்து, இரண்டு தடவை ஊதினார்.

அவளுக்கு மட்டும்தான் தெரியும் அது எதற்கென்று. ஓடினாள். ஆனால் அதற்குள் முன்வரிசையில் ஓய்வு பெற்ற அதிகாரிகள் இருவர் விறைத்து நின்று சல்யூட் அடித்தார்கள். பின்வரிசையில் யாரோ விம்மினார்கள். மகனுடைய விசில், மகனுடைய விசில் என்று மண்டபம் முழுக்க முணுமுணுப்பு ஓடியது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கி வந்து பெரியவரைக் கட்டிக்கொண்டார், விடவேயில்லை. அவள் அவர்களை விலக்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் நேரம் கடந்துவிட்டது. உடுத்திருந்த துணி நனைந்துவிட்டது. பெரியவர் யாரையும் பார்க்கவில்லை. கௌரவத்துக்குப் போர்த்திய சால்வையை அவள் அவர் தோளிலிருந்து எடுத்து மடியில் விரித்துவிட்டாள். நான்காவது படத்தில் சால்வை மடியில் இருப்பது அதனால்தான்.

வேனில் ஏறும்போது செயலாளர் மூச்சுவாங்க ஓடிவந்தார். "அடுத்த தடவையும் அதே இடத்துல ஊதணும் ஐயா. சரியா ரெண்டு. நிகழ்ச்சி நிரல்லயே போட்டுட்டோம், விசில் அஞ்சலின்னு."

"ரெண்டு எதுக்குன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றார் பெரியவர்.

"தெரியாமலா? மகனுக்கு ஒண்ணு, நாட்டுக்கு ஒண்ணு. தலைவரே சொல்லிட்டாரு."

பெரியவர் வேனில் வழிநெடுகச் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். டிரைவரும் சிரித்தார். வீடு வருவதற்குச் சற்று முன்னால் சிரிப்பு நின்றது. அதன் பிறகும் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது விழாக்களில் அவர் சொன்ன இடத்தில் சொன்னபடி இரண்டு ஊதினார். உண்மையிலேயே போக வேண்டியிருந்தால் என்ன செய்வது என்பதுதான் இப்போது சிக்கல். அதனால் விழா நாளன்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டார். அவளுக்கு வேலையில் விடுப்புத் தீர்ந்துபோயிற்று. ஒத்திகைகள் வாரநாட்களில் நடந்தன. எத்தனை தடவைதான் உன் புருஷன் சாவுக்கு விடுப்புக் கேட்பாய் என்று துணி அறை மேற்பார்வையாளர் கேட்டாராம். கணக்கு அவளுக்கே விட்டுப்போயிருந்தது.

இடையில் ஒருநாள் திரும்பி வரும்போது பெரியவர் டிரைவரிடம் நாற்சந்தியைக் கேட்டார். அந்த நாற்காலியையும் பின்னால் போட்டுக்கொண்டு ஒருதரம் அந்தப் பக்கம் போய், ஒரு மணி நேரம் இறக்கிவிட்டுவிட்டுத் திரும்ப ஏற்றிக்கொண்டால் போதும் என்றார். டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்தி ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். வீடு முதல் மண்டபம், மண்டபம் முதல் வீடு. நடுவில் வேறு இடம் எழுத அதில் கட்டமே இல்லை.

"எனக்கு மட்டும் ஆசையில்லையா பெரியவரே? நாற்காலி மண்டபத்தை விட்டு வேன்ல ஏறினா எங்க ஏறிச்சு, எங்க இறங்கிச்சுன்னு எழுதணும். எழுதினா என் வேலை போயிடும்."

"வேலை போகக்கூடாதுப்பா" என்றார் பெரியவர். அதற்கப்புறம் கேட்கவில்லை.

எட்டாவது விழாவில், கால்தட்டு கொடுத்த அண்ணன் தம்பிகள் தங்கள் பெயர் படத்தில் விழ வேண்டும் என்றார்கள். பெரியவர் கால் அதை மறைத்தது. ஒரே ஒரு நிமிடம் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னால் என்ன என்று செயலாளர் கேட்டார். அவரால் நிற்க முடியாது என்று அவள் சொன்னாள். தெரியும், அதனால்தான் ஒரு நிமிடம் என்கிறோம் என்றார் செயலாளர். கடைசியில் டிரைவர் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். அந்த ஒரு படத்தில் மட்டும் பெரியவர் நிற்கிறார். அவர் கால்கள் தரையைத் தொடாமல் இருப்பது உற்றுப் பார்த்தால் தெரியும். அவள் உற்றுப் பார்ப்பாள்.

ஒன்பதாவதுதான் உண்மையான கையளிப்பு, நாற்காலி அன்றைக்கு வீட்டுக்கே வந்துவிடும் என்று தேதி குறித்தார்கள்.

அதற்கு முன்னால் மழை வந்துவிட்டது. முற்றம் முழுக்கத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் பெரியவர் சாக்கைப் போட்டுக்கொண்டு நாற்பத்திரண்டு எட்டும் போனார், வந்தார். மூன்றாம் நாள் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன், அங்கே துணி மடிப்பது நீதானே என்றார். ஒரு மத்தியான நேரம், அவள் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டு, வலது பக்கப் பிரேக் இன்னும் பாக்கி இருக்கிறது என்றார்.

"அடுத்த விழாவுல பாத்துக்கலாம் மாமா."

அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து விசில் கேட்டது. காற்றுதான் அதிகம், சத்தம் கொஞ்சம். ஒன்று. அப்புறம் இன்னொன்று. மூன்றாவது வருமா என்று அவள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். நெடுநேரம் கழித்து மூன்றாவதும் வந்தது.

"இருக்கேன் மாமா" என்றாள். நின்ற இடத்திலிருந்து சொல்லாமல் பக்கத்தில் போய்ச் சொன்னாள். அவர் கேட்டாரோ என்னவோ.

செயலாளர் மாலையோடு வந்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். அழைப்பிதழெல்லாம் அச்சாகிவிட்டது, இப்படி ஆகிவிட்டதே என்றார். பெரியவரும் கடமையில் இறந்திருந்தால் அவருக்குத் தனியாக ஒரு கோப்புத் திறந்திருக்கலாம், காய்ச்சலுக்குச் சங்க விதியில் இடமில்லை என்றார். புறப்படும்போது வாசலில் நின்று தயங்கினார்.

"ஒரு யோசனைம்மா. அன்னிக்கு ஒருநாள் நீங்க அதுல உக்காந்துட்டா விழா தடைபடாது."

"எனக்குக் கால் இருக்குங்க."

"தெரியும்மா. படத்துல தெரியாது."

அவள் கதவைச் சாத்தவில்லை. கோபிக்கவும் இல்லை. உள்ளே போய்ச் சாக்கைத் துவைக்க எடுத்தாள். செயலாளர் போய்விட்டார். கோப்பில் 'பயனாளி ஒத்துழைக்கவில்லை' என்று பச்சைப் பேனாவால் எழுதி மூடினார்களாம்.

ஆறு மாதம் கழித்து மறுபடி அழைப்பிதழ் வந்தது. அதில் அவளுக்கு ஒரு வரி இருந்தது. விசில் அஞ்சலி: மறைந்த காவலரின் மனைவி. கிழித்துப் போடத்தான் எடுத்தாள். ஆனால் யாருக்கான விழா என்று பார்த்ததும் கை நின்றுவிட்டது. கைகலப்பை விலக்கப் போன ஓர் இளம் காவலன், கத்திக்குத்து. அவனைக் கொண்டுவந்த அன்று அவள் வேலையில் இருந்தாள். போர்த்த விரிப்பு கேட்டு ஆள் வந்தது. அவளே எடுத்துக் கொடுத்தாள். இந்தத் தடவை மடிப்பை அவள் பார்த்தாள். அவள் மடித்ததுதான்.

செயலாளர் சொன்னதில் பொய்யில்லை. கத்திக்குத்துக்கு ஒரு வாரத்தில் ஆள் கிடைத்திருந்தது.

அந்தக் காவலனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இருந்தது ஓர் அக்கா மட்டும். சிறு வயதிலேயே இரண்டு காலும் சூம்பிப்போனவள். கடைத்தெருவில் ஒரு பெட்டிக்கடை அளவு இடத்தில் கடிகாரம் பழுது பார்க்கிறவள். தம்பிதான் தினமும் சைக்கிள் பின்னால் உட்காரவைத்துக் கடையில் இறக்கிவிட்டு வேலைக்குப் போவானாம். மேடையோரத்தில் அவளை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அதே நாற்காலி. பெயர்கள் மட்டும் புதிது.

கடிகாரக்காரி குனிந்து இடது பிரேக்கை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"இந்த நீலக்கம்பிய யாரு கட்டினாங்க? தெரிஞ்ச கை."

"எங்க மாமனார்" என்றாள் இவள்.

"வலது பக்கம் விட்டுட்டாரே."

"நேரம் பத்தல."

கடிகாரக்காரி நிமிர்ந்து இவளைப் பார்த்தாள். கடை பூட்டி இருபத்தைந்து நாள் ஆகிறது, வாடிக்கைக்காரர்கள் கடிகாரமெல்லாம் உள்ளே நின்றுபோயிருக்கும், இன்னும் ஒரு வாரம் போனால் இடத்தை வேறு யாருக்காவது விட்டுவிடுவார்கள் என்றாள். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று தயங்கியவள் போலக் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, இது இன்னிக்கே வீட்டுக்கு வந்துடுமில்ல?"

விசில்காரர் வீட்டம்மா மேடைப் பக்கம் திரும்பினாள். மேடையில் தொங்கிய துணியைப் படித்தாள். அறிவிப்பு விழா என்று எழுதியிருந்தது.

தலைவர் பேசினார். இந்த வருடம் சங்கத்துக்கு நல்ல தொடக்கம் என்றார். நாற்பது விநாடி மௌனம் வந்தது. செயலாளர் சைகை காட்டினார். அவள் விசிலை எடுத்து இரண்டு ஊதினாள். சல்யூட் அடித்தார்கள், விம்மினார்கள். நன்கொடையாளர்கள் வரிசையாக வந்து நாற்காலியை வழங்கினார்கள். கடிகாரக்காரியைக் குனியச் சொன்னார்கள். படம் எடுத்தார்கள். டிரைவர் பக்கவாட்டுப் படியில் ஏறி, நாற்காலியை மடிக்க வந்தார். அவர் முகத்தில் களை இல்லை.

அவள் முந்திக்கொண்டாள். கைப்பிடியைப் பிடித்தாள். எட்டுத் தடவை பிடித்த கைப்பிடி.

"போலாமா?" என்று குனிந்து கேட்டாள்.

"எங்கக்கா?"

"உங்க கடைக்கு."

மேடையின் சாய்தளத்தில் நாற்காலி சத்தமில்லாமல் இறங்கியது. முன்சக்கரத்தில் கிரீஸ் இருந்தது. நடுவழியாக, முன்வரிசையைக் கடந்து, பின்வரிசையைக் கடந்து, வாசலைப் பார்க்க அவள் தள்ளிக்கொண்டு போனாள். மண்டபம் ஒரு நிமிடம் திகைத்தது. செயலாளர் நிகழ்ச்சி நிரலைப் புரட்டிக்கொண்டே ஓடி, இது அதில் இல்லையே, இல்லையே என்றார். தலைவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "நல்லாத்தானேய்யா இருக்கு, விடு" என்றார். கையை எடுத்துவிட்டு, "இதோ, நாற்காலி பவனி" என்று முழங்கினார்.

எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். படம் எடுப்பவர் பின்னோக்கி ஓடி ஓடி எடுத்தார். நன்கொடையாளர் ஒருவர் கண்ணாடிக் கதவைத் தானே திறந்துவிட்டு, அந்தக் கதவைப் பிடித்தபடி ஒரு படம் எடுத்துக்கொண்டார். வெளிக்கதவில் டிரைவர் நின்றிருந்தார், எப்போது முந்தி வந்தாரோ. தாழ்ப்பாளை விலக்கினார்.

"நோட்டுல என்ன எழுதுவீங்க?" என்றாள் அவள்.

"அது வேன் நோட்டும்மா. நாற்காலி வேன்லயே ஏறலையே."

தெருவுக்கு வந்துவிட்டார்கள். பின்னால் கைதட்டல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. பவனி சுற்றிக்கொண்டு திரும்பி வரும் என்று மண்டபத்தில் காத்திருந்தார்கள். வெகுநேரம் காத்திருந்தார்கள் என்று பிற்பாடு டிரைவர் சொன்னார்.

கடைத்தெருவுக்குப் போக இரண்டு வழி. அவள் பள்ளிக்கூட வழியாகப் போனாள். ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது, ஆனால் வண்டிகளுக்கு ஏது ஞாயிறு? நாற்சந்தியில் காவலர் யாரும் இல்லை. இறக்கத்தில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. இந்த இடத்துக்கு வராமலிருக்க ஒன்றரை வருடமாக வேலைக்குச் சுற்றுவழியில் போய்க்கொண்டிருந்தவள் அவள்.

நடைபாதை விளிம்பில் நாற்காலியை நிறுத்தி, இடது பிரேக்கைப் போட்டாள். பிடித்தது. விசிலை வாயில் வைத்துப் பலமாக ஊதினாள். முன்னால் வந்த லாரி உறுமிக்கொண்டு நின்றது. அதன் பின்னால் ஒவ்வொன்றாக எல்லாம் நின்றன. பிரேக்கை எடுத்துவிட்டுத் தள்ளினாள். சாலையின் நடுவில், வெள்ளைக் கோடுகள் சேரும் இடத்தில், அவள் கை தானாக நின்றுவிட்டது. அங்கே ஒன்றும் இல்லை. தார், ஓர் எண்ணெய்க் கறை, காய்ந்த இலை. பெரியவர் ஒரு மணி நேரம் இருக்க ஆசைப்பட்ட இடம்.

மூன்று தடவை ஊதினாள். பலமாக இல்லை.

"லாரிய நிறுத்த ஒண்ணுதான் ஊதினீங்க. மண்டபத்துல ரெண்டு ஊதினீங்க. இது என்ன மூணு?" என்று கடிகாரக்காரி கேட்டாள்.

"சும்மாதான். பக்கத்துல ஆள் இருக்கான்னு கேக்கறது."

வண்டிக்காரர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். கடிகாரக்காரி திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி, கைப்பிடியிலிருந்த கையைத் தொட்டாள்.

"இருக்கேன்க்கா. தள்ளுங்க."